பனிமூட்டத்தில் ஸ்டெல்லா அக்கா காட்டிய ஊட்டி

செவ்வாய்க்கிழமை காலை, தாம்பரத்தில் எங்கள் சுற்றுலா அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். டிரைவர் அண்ணன் வந்து சொன்னார்: "நம்ம ஸ்டெல்லா போயிடுச்சும்மா. நெஞ்சுவலி." ஷட்டரைப் பாதியில் பிடித்தபடியே நின்றேன்.

எங்கள் கைடு ஸ்டெல்லா அக்காவோடு ஊட்டி பஸ்ஸில் வந்த உங்களுக்கு அந்த மைக் குரல் நினைவிருக்கும். மேட்டுப்பாளையத்து வெயிலிலேயே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்ளும் நம் ஊர்க்காரர்களிடம், "இன்னும் மலையே ஏறல சார், அதுக்குள்ள குளிருதா?" என்பார். கடைசி வளைவுகளில் யூகலிப்டஸ் வாசனை வந்ததும் மைக்கை அணைத்து, ஜன்னல்களைத் திறக்கச் சொல்வார். "இனிமே நான் பேச மாட்டேன். நீங்களே மோந்து பாருங்க."

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வரலாறுதான் படித்தேன், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. டிக்கெட் சரிபார்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அக்காவுக்கோ பேச்சுதான் பிழைப்பு. பெண் கைடு சரிப்படாது என்று நினைத்த முதலாளி, "ஒரு புகார் வந்தாலும் வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று எச்சரித்திருந்தார்.

ஒரு மே மாதம் தொட்டபெட்டா உச்சியில் எதுவுமே தெரியாத பனிமூட்டம். தாம்பரத்துக்குப் பக்கத்துப் பீர்க்கன்கரணைக்காரர் ஒருவர் கத்தினார்: "இன்னாம்மா இது, வெள்ளை வேட்டிய விரிச்சி வுட்டாப்ல கீது! இத்தப் பாக்கவா வூட்டப் பூட்டிக்கினு வந்தோம்? உங்க ஓனராண்ட சொல்றேன் பாரு."

அக்கா சிரித்தார். "சொல்லுங்க சார். அதுக்கு முன்னாடி கொஞ்சம் உக்காருங்க."

பனிக்குள் கைநீட்டிச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பக்கம், வெள்ளைக்காரர்கள் ஊட்டியைக் கண்டுபிடிக்கும் முன்பே தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளி. இந்தப் பக்கம், ஓடையை மறித்து வெள்ளைக்காரர்கள் உண்டாக்கிய ஏரி. கீழே, மெட்ராஸ் வெயில் தாங்காமல் கோடைதோறும் அரசாங்கமே கோப்புக்கட்டுகளோடு ஏறிவந்த பாதை. "வெள்ளைக்காரன் மலை ஏறினான்னு எழுதியிருக்காங்க. அவன் பல்லக்குல உக்காந்திருந்தான் சார். ஏறினது நம்மாளு."

பனி விலகவேயில்லை, ஆனாலும் அவர் கைகாட்டிய பக்கமெல்லாம் தலைகள் திரும்பின. நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஊர் அந்த வெண்மைக்குள் எழுந்து நின்றது. கத்தியவர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "பல்லக்கு எந்தப் பக்கமா வந்துச்சும்மா?" என்று மட்டும் கேட்டார்.

தாம்பரத்தில் இறங்கியதும் அந்தப் பீர்க்கன்கரணைக்காரர் நேராக முதலாளியிடம் போனார்.

"அடுத்த தபா என் மச்சானையும் இட்டாரேன். அந்தம்மாதான் வரணும், சொல்லிட்டேன்."

இந்தச் சனிக்கிழமை பஸ்ஸை நிறுத்திவிடலாமா என்று முதலாளி கேட்டார். நான் போகிறேன் என்றேன். மைக்கில் என் குரல் நடுங்கியது. பின் இருக்கையிலிருந்து "சத்தமா பேசும்மா" என்றார்கள். கடைசி வளைவுகளில் வாசனை வந்தது. மைக்கை அணைத்தேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அக்காவைப் போலப் பேச எனக்கு வராது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும். அவருடையதாக என்னிடம் இருப்பது அது.