தாத்தாவாகப் படுத்திருந்தவள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டேப் என்றுதான் கூப்பிடுவார்கள். அளவெடுக்கும் டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டே அலைவாள், சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டாள். வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்து தரும் அந்த நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடம். இரண்டு வருடமும் அவள் செய்தது, அலமாரிக் கைப்பிடிகளை அட்டையில் ஒட்டுவதும், பிறகு அவற்றைக் காலி வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும்தான்.

அப்படிப்பட்டவளிடம், நிறுவனத்தை நடத்தும் மேடம் ஒரு நாள் முழு வீட்டையே தூக்கிக் கொடுத்தார். கணக்கு டீச்சர் ஒருவர், கணவர், மாமனார், மாமியாரோடு குடிவரப் போகும் மூன்று அறை வீடு.

"ஆனா ஒண்ணு," என்றார் மேடம். "உனக்குன்னு ஒரு ஸ்டைல் வேணும். சனிக்கிழமை அவங்க வராங்க. அதுக்குள்ள உன் ஸ்டைல் என்னன்னு ஒரே வார்த்தையில சொல்லு. தெரியலன்னா நான் வரைஞ்சதயே காட்டிடறேன். நீ கைப்பிடிக்கே போயிடு."

மேடத்தின் ஸ்டைலுக்கு ஒரு வார்த்தை போதும்: வெள்ளை. சுவர் வெள்ளை, சோபா வெள்ளை, பூந்தொட்டி வெள்ளை. முடிந்தால் பூவும்.

ஸ்டைல் என்பது ஸ்டைலான வீட்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் வருகிற ஏதோ ஒன்று என்று டேப்புக்கு வெகுநாளாகவே சந்தேகம். அவள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். அந்தப் பட்டத்தை மாட்டச் சுவரில் இடமில்லை. இரண்டு அறைக்குள் ஆறு பேர். குளியலறைக் கதவு திறக்க வேண்டுமென்றால் தம்பி காலை மடக்க வேண்டும். அப்பா பஸ் கண்டக்டர். வீட்டுக்குள்ளும் "உள்ள தள்ளிப் போங்க, வழி, வழி" என்றுதான் நடப்பார். இதில் எங்கே போய் ஸ்டைலைத் தேடுவது? நோட்டில் 'எளிமை' என்று எழுதி அடித்தாள். 'நவீனம்' என்று எழுதி அடித்தாள். 'எளிய நவீனம்' என்று எழுதியவள், நோட்டையே மூடிவிட்டாள்.

ஒரு பழக்கம் மட்டும் அவளுக்கு உண்டு. வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று யாரிடமும் சொன்னதில்லை. கைப்பிடி பார்க்கப் போகிற காலி வீடுகளில், தரையில் சாக்பீஸால் கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் வரைவாள். பிறகு அந்த வீட்டு ஆட்களாகவே மாறி ஒரு நாள் வாழ்ந்து பார்ப்பாள். யார் முழங்கை யார் விலாவில் இடிக்கும் என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபடும்.

சனிக்கிழமை அவர்கள் பதினோரு மணிக்கு வருவதாகப் பேச்சு. ஒன்பதுக்கே போய்விட்டாள். சொந்தமாக வரைந்தது எதுவும் இல்லை; மேடம் வரைந்ததையே தரையில் வரைந்தாள். முதலில் மாமனாரிடமிருந்து ஆரம்பித்தாள். அவருக்கு முட்டி வலி என்று டீச்சர் போனில் சொல்லியிருந்தார். சாக்பீஸ் கட்டிலில் மல்லாந்து படுத்து, கொஞ்சம் குறட்டை விட்டு, முனகிக்கொண்டே எழுந்து, காலால் செருப்பைத் துழாவி, இரண்டடி நடந்து, இல்லாத பீரோவில் முட்டியை இடித்துக்கொண்டு "ஐயோ" என்று உட்கார்ந்தாள்.

வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள்: மேடம், டீச்சர், மாமனார், மாமியார். கணவர் வரவில்லை. மணி பத்தரைதான்.

"என்ன பண்ற?" என்றார் மேடம்.

"தாத்தாவா இருக்கேன், மேடம்."

டீச்சர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தன் முட்டியைப் பார்த்தார். மேடம் அவசரமாக, "தரை மட்டம் செக் பண்றா," என்று பூசி மெழுகப் பார்த்தார். மாமியார் விடவில்லை.

"அவரு அப்படி எறங்கமாட்டாரும்மா. செவுத்துப் பக்கம் படுத்துக்கிட்டு என்னைத் தாண்டித்தான் எறங்குவாரு. முப்பத்தாறு வருஷமா என் காலை மிதிச்சுக்கிட்டு."

"நான் எப்ப மிதிச்சேன்? குறட்டையும் நான் இப்படி விடறதில்ல," என்ற மாமனார், இஸ்திரி போட்ட சட்டையோடு சாக்பீஸ் கோட்டுக்குள் படுத்தே காட்டினார். இறங்கினார். பக்கத்தில் நின்ற மாமியாரின் காலை மிதித்தார்.

"பாத்தியா?" என்றார் மாமியார்.

அதற்குள் டீச்சர் சாக்பீஸ் சமையலறைக்குள் போய்விட்டார். மாமியாரும் பின்னாலேயே போனார். இருவரும் ஒரே நேரத்தில் அடுப்பிலிருந்து திரும்பி இடித்துக்கொண்டார்கள்.

"இதேதான் அத்தை, இப்ப இருக்கற வீட்லயும். நீங்க வேணும்னே இடிக்கறீங்கன்னு நெனச்சேன்."

"நானும் உன்னை அப்படித்தான் நெனச்சேன்," என்றார் மாமியார். இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி விலகி வழி விட்டார்கள்.

டேப்புக்கு இப்போது வெட்கப்படவும் நேரமில்லை. "மேடம், நீங்க வரைஞ்ச எடத்துல கொஞ்சம் ஃப்ரிட்ஜா நில்லுங்க."

"நானா?"

"கதவு எந்தப் பக்கம் தெறக்கும், மேடம்?"

மேடம் தன்னையறியாமல் வலது கையை நீட்டித் திறந்தார். கை நேராக டீச்சரின் மூக்கில் போய் முட்டியது.

ஃப்ரிட்ஜ் ஜன்னலோரம் போனது. அடுப்பு எதிர்ச் சுவருக்குப் போனது. கட்டில் சுவரை விட்டு நகர, மாமியாரின் காலுக்கு விடுதலை கிடைத்தது. பழைய கோடுகளை எல்லாம் டேப் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து வரைந்தாள். நிமிர்ந்தபோது மேடம் வரைந்த வீட்டில் மிச்சமிருந்தது வாசற்படி மட்டும்தான்.

"இந்தப் பொண்ணு வரைஞ்சதே இருக்கட்டும்," என்றார் டீச்சர். "செவுத்துக்கு மட்டும் வெள்ளை அடிச்சுக்கலாம்."

அவர்கள் போனதும் மேடம் கேட்டார். "சரி, ஒரே வார்த்தையில சொல்லு. என்ன ஸ்டைல் இது?"

டேப் யோசித்தாள். நோட்டில் அடித்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. "பேரு தெரியல, மேடம். ஆனா எனக்கு இப்படித்தான் வரும். இனிமேயும் இப்படித்தான் பண்ணுவேன்."

"இது ஒரு வார்த்தை இல்லயே."

"இல்ல, மேடம்."

மேடம் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். "அடுத்த வாரம் பல் டாக்டர் கிளினிக் ஒண்ணு இருக்கு. நீயே போய் வாயைப் பொளந்துக்கிட்டுப் படு." படி இறங்கியவர் பாதியில் நின்றார். "நான் ஃப்ரிட்ஜா நின்னது ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேணாம்."

"சொல்லமாட்டேன், மேடம். ஆனா கதவு நல்லாத் தெறந்துச்சு."