பட்டிழை வைத்த பக்கம்

பீரோவைத் திறந்ததும் வந்த அந்துருண்டை வாசனையில், ஆரணியில் தறிச்சத்தத்துக்கு நடுவே இருந்து இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்தப் படிப்பகம் நினைவுக்கு வந்தது. காலனிப் பிள்ளைகளான நாங்கள் உள்ளே போவதில்லை. ஜன்னலில் நின்றுதான் புத்தகம் கேட்போம். அதை நடத்திவந்த தறிக்காரருக்கு ஒரு பழக்கம்: படிக்கும்போது எந்தப் பக்கத்தில் அழுதாரோ அந்தப் பக்கத்தில் ஒரு பட்டிழையை வைத்துவிடுவார். அவ்வளவு பெரிய மீசைக்காரர் எதற்கெல்லாம் அழுவார் என்று பார்க்கிற ஆசையில், கதையை விட்டுவிட்டு நான் சிவப்பும் பச்சையுமான அந்த இழைகளையே தேடிக்கொண்டிருப்பேன். ஒரு தடித்த பழைய நாவலில், ஊர் விலக்கிவைத்த ஒருத்தி கிணற்றடியில் நிற்கிற பக்கத்தில் மட்டும் மூன்று இழைகள் இருந்தன.

திருப்பித் தரும்போது கேட்டேன். "இந்தப் பக்கத்துல மூணு வாட்டி அழுதீங்களா?"

"அழாம இன்னா பண்றது? அவ கைய நீட்டிகினு நிக்கிறா, ஒருத்தனும் தண்ணி ஊத்த மாட்டேன்றான். படுபாவிங்க." சொல்லும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த புத்தகத்துக்காக நான் கையை நீட்டினேன். அவர் அதை வழக்கம்போல ஜன்னல் கட்டைமேல் வைத்து, தன் கையை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, "எடுத்துக்கோம்மா" என்றார்.