அல் குசைஸில் ஓடிய கறுப்பு வெள்ளைப் படம்

மோசமான படம் எடுத்தவனை யாரும் நேரில் போய்த் திட்டுவதில்லை. அதை வாடகைக்குக் கொடுத்தவனைத்தான் திட்டுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. செல்போனில் படம் பார்க்காத அந்தக் காலத்தில், துபாய் அல் குசைஸில் ஒரு டிவிடி வாடகைக் கடையில் நான் வேலைக்கு நின்றேன்.

கலர் இல்லாத படம்

முதலாளி மொத்தமாக வாங்கிய பெட்டியில் ஒரு பழைய இங்கிலீஷ் படம் வந்தது. உலகப் போர் சமயத்தில் எடுத்த காதல் காமெடி. ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி ஆபீஸுக்கே மேனேஜர் ஆகிறாள். லீவில் வந்த சிப்பாய் கல்யாணம் செய்துகொள்ளலாம், வேலையை மட்டும் விட்டுவிடு என்கிறான். கடைசியில் விட்டுவிடுகிறாள். அட்டையில் இருந்த பெண்ணை நம்பி, தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்த விருத்தாசலத்துக்காரர் ஒருவர் எடுத்துப் போனார். மறுநாளே கொண்டுவந்து வைத்தார்.

"பாய், இதுல கலரும் மாஃபி, ஃபைட்டும் மாஃபி, ஒண்ணுமே இல்ல."

நர்ஸ் எடுத்தது

அடுத்து எடுத்தது ஸ்டெல்லா. நாகர்கோவில் பெண், பக்கத்து கிளினிக்கில் நர்ஸ். மஸ்கட் பக்கம் ரூவியில் வேலை பார்த்த ஆன்றனியோடு நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு மஸ்கட் வந்துவிட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கோ அப்போதுதான் ஹெட் நர்ஸ் பதவி கிடைத்திருந்தது. படத்தைத் திருப்பித் தரும்போது முகம் கடுகடுவென்று இருந்தது.

"அவ்வளவு நல்லா ஆபீஸ நடத்துனவளுக்குக் கடைசில என்ன கேடு வந்துச்சுண்ணே?"

மாப்பிள்ளையின் கேள்வி

ஆன்றனி துபாய் வந்தபோது, ஸ்டெல்லா தன் அண்ணன் வீட்டில் அதே படத்தை மறுபடி எடுத்துப் போய்ப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். முடிய பத்து நிமிடம் இருக்கையில் டிவியை அணைத்துவிட்டு, இவள் என்ன செய்ய வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றாளாம். அதற்குப் பதில் தேடித்தான் மனுஷன், டிவிடியைத் திருப்பித் தரும் சாக்கில் என்னிடம் வந்து முடிவைக் கேட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஸ்டெல்லாவை நினைத்தால் இன்னும் பாவமாக இருந்தது. அவள் வேலையை விடவில்லை, சிப்பாய்தான் அவள் ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான் என்று கூசாமல் சொன்னேன். டிவிடியைக் கவுண்டரில் வைத்தார்.

"அப்படியும் செய்யலாம்தான், என்னண்ணே?"

புது மெம்பர்

கல்யாணம் முடிந்து இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். ஆன்றனி தன் கம்பெனியின் துபாய் கிளைக்கு மாறியிருந்தார். ஸ்டெல்லா டியூட்டி உடையிலேயே இருந்தாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மெம்பர் ஆனதும் அவர் கேட்ட முதல் படம், முடிவைப் பார்க்காமல் விட்ட அந்தப் படம்தான். அது கீறல் ஒன்றும் இல்லாமல் எனக்குப் பின்னால் ஷெல்ஃபில்தான் இருந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள்.

"அது ஸ்க்ராட்ச் விழுந்து போச்சுன்னு போன வாரமே சொன்னீங்கல்லாண்ணே?"

படம் எடுத்தவர்களுக்கு அவர்கள் வைத்த முடிவு பிடித்திருக்கலாம். எங்கள் ஏரியாவில் ஓடியது என்னவோ நான் வைத்த முடிவுதான்.