பள்ளிக்கூட வாசலில் எங்கள் கமிட்டி

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் செயலாளர் ஓர் அறிவிப்புப் போட்டிருந்தார். இனிமேல் யாரும் நைட்டியோடு லிஃப்டில் கீழே இறங்கி வரக் கூடாதாம். வெளியாட்கள் வந்து போகிற இடமாம், கட்டடத்தின் மரியாதை கெடுகிறதாம். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். போட்டுவிட்டு, உடுத்தியிருந்த நைட்டியின் மேல் ஒரு துவர்த்தை எடுத்துப் போட்டுக்கொண்டு பால் வாங்க இறங்கினேன். திருவனந்தபுரத்தில் இருந்து பழகியவர்களுக்கு இது புரியும். குளித்துத் துவட்டுகிற அந்த மெல்லிய துண்டு தோளில் ஏறிவிட்டால் நைட்டி முழு உடையாகிவிடும். ரேஷன் கடை, மாவு மில், சில சமயம் கல்யாண வீட்டுப் பின்கட்டு வரைக்கும் அந்த உடைக்கு அனுமதி உண்டு.

பள்ளிக்கூட வாசலுக்கு மட்டும் இல்லை. அந்தத் தடையை விதித்தவர்கள் நாங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்து கரமனையில் குடியிருந்தேன். அவருக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. மகளை எல்.கே.ஜி.யில், இங்கிலீஷ் பேசினால் மட்டுமே தண்ணீர் குடிக்க விடுவார்கள் என்று பெயர் வாங்கிய ஒரு பள்ளியில் சேர்த்திருந்தோம். காலையில் கொண்டு விட்டால் மதியத்துக்குள் விட்டுவிடுவார்கள். இடையில் வீட்டுக்குப் போய் ஒரு குழம்பு வைத்துவிட்டுத் திரும்பலாம்தான். ஆனால் நாங்கள் போய்விட்டால் வாசலை யார் பார்ப்பது?

நாங்கள் என்றால் மூன்று பேர். வாசலுக்குப் பக்கத்து மதில் இடுப்பளவுதான் இருக்கும். மேலே வாதாமர நிழல். அதுதான் எங்கள் ஆபீஸ். தலைமை விமலா சேச்சி. அவர் கணவருக்குச் செக்ரட்டேரியட்டில் வேலை என்பதால் அரசாங்கமே தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறது என்கிற நிமிர்வு அவருக்கு உண்டு. அடுத்தவர் கரமனை அக்ரகாரத்து மீனாட்சி மாமி. இருவர் பையன்களும் யு.கே.ஜி. மூன்றாவது நான். அங்கே சேருவதற்கு முன் நானே விசாரணைக்கு ஆளானவள்தான். தினமும் தலை நிறைய மல்லிகைப்பூவும் முகத்தில் பவுடருமாகப் போனதால் எனக்குப் 'பூக்கடை' என்று பெயர் வைத்திருந்தார்களாம். சேர்ந்து வெகுநாள் கழித்து விமலா சேச்சியே சொன்னார், ஏதோ விருது கொடுப்பதுபோல.

எங்கள் சட்டம் கடுமையானது. நைட்டியோடு வருகிறவள் சோம்பேறி. பட்டுச் சேலையோடு வருகிறவள் பகட்டுக்காரி. ஈரத்தலையை நுனியில் முடிந்துகொண்டு வந்தால் நேரத்துக்கு எழுந்திருக்காதவள். காய்ந்த தலையோடு வந்தால் குளிக்காதவள். பிள்ளைக்கு முத்தம் கொடுத்து அனுப்புகிறவள் சினிமா பார்த்துக் கெட்டவள். கொடுக்காதவள் கல் நெஞ்சக்காரி. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வரும் அப்பாக்களைப் பற்றி மாமி கண்ணை மூடிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். எந்தப் பெற்றோரும் எங்களிடம் தப்பித்ததாக நினைவில்லை.

ஜஸ்டின் வந்து மாட்டியது அப்போதுதான். பாறசாலைப் பக்கத்துக்காரர். கையில் சாப்பாட்டுக் கூடை, தோளில் பிள்ளையின் பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். என் மகளின் வகுப்பிலேயே படித்த தன் மகள் ஜெனியை உள்ளே விட்டுவிட்டு எதிரே டீக்கடை ஓரத்தில் வெயிலில் நிற்பார். எங்கள் பக்கம் திரும்பவே மாட்டார். ஜெனியின் இரட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலே தொடங்கும், மற்றது பிடரியில். சிவப்பு ரிப்பன் இரண்டும் இரண்டு உயரத்தில் ஆடிக்கொண்டு போகும்.

"என்னடீ இது, ஆம்பளை ஒருத்தன் டிபன் கூடையும் கையுமா நின்னுண்டிருக்கான். ஆத்துக்காரி எங்கேயாக்கும்?" என்றார் மாமி.

இப்படியொரு கேள்வி வந்த பிறகு பதில் கிடைக்காமல் விடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மாமி வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் ஜஸ்டின் குடியிருக்கும் வரிசை வீடுகளிலும் தேய்த்தாள். ஒரு வாரத்தில் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. மனைவி பெயர் சுஜா. குவைத்தில் நர்ஸ். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்போது போனவள். ஜஸ்டின் லேத் பட்டறை வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். ஊரில் வீடு கட்டத் தொடங்கி அஸ்திவாரத்தோடு நிற்கிறது.

"பிள்ளைய விட்டுட்டுப் போவாளா ஒருத்தி?" என்றேன் நான், ஊரில் என் தங்கச்சிக்கும் வளைகுடாவில் வேலை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்த அதே மாதத்தில்.

"பெண்டாட்டி சம்பாதிச்சு இவன் தின்னுன்னு. சுகமல்லே?" என்றார் விமலா சேச்சி.

அந்த வருஷ மழை முடிகிற சமயத்தில் சுஜா விடுமுறையில் வந்தாள். தகவல் முன்கூட்டியே கிடைத்துவிட்டதால் நாங்கள் மூவரும் அன்றைக்குக் கொஞ்சம் நல்ல சேலையாகவே உடுத்தியிருந்தோம். குவைத்துக்காரி கழுத்திலும் கையிலும் நகைக்கடையையே மாட்டிக்கொண்டு வருவாள், நாம் தாழ்ந்துவிடக் கூடாதே. வந்தவள் வெளிறிய பருத்திச் சுடிதாரில், கையில் ஒரு வாட்சும் காதில் பொட்டுக் கம்மலுமாக ஜஸ்டின் பக்கத்தில் நின்றாள். எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். பணத்தை மறைத்து வைக்கிறவள் என்று அதற்கும் தீர்ப்பு எழுதினோம்.

மணி அடித்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஜெனி ஓடி வந்தாள். சுஜா இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தாள். பிள்ளை அவளைச் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் சுஜா தன் துப்பட்டாவைச் சரி செய்தாள். "வெக்கப்படுகா," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிச் சிரித்தாள். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் வாதாமரத்தை அண்ணாந்து பார்த்தோம்.

மறுநாள் அவள் தனியாக வந்தாள். ஜஸ்டின் வந்தால் பிள்ளை அவரிடமே ஓடுகிறாள், இன்றைக்கு நானே கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அது தெரிந்தது பின்னால். ஆனால் அந்த வாரம் நகரம் முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்கள் இறங்கியிருப்பதாக ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. தெரியாத முகத்தோடு எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது என்று பிரின்சிபால் உத்தரவு. வாட்ச்மேன் பாஸ்கரன் சேட்டன் பழைய பட்டாளத்துக்காரர். உத்தரவு என்றால் அவருக்கு உயிர்.

ஜெனி கம்பிக்கு உள்ளே நின்று, "எனக்கு அப்பா வேணும்," என்று அழத் தொடங்கினாள்.

"நிங்ஙள் ஆரா?" என்று கேட்டார் சேட்டன், யார் நீங்கள் என்று.

"நான் அவளுக்க அம்மா."

"குட்டி அங்ஙனெ பறயுன்னில்லல்லோ." பிள்ளை அப்படிச் சொல்லவில்லையே என்கிறார்.

சுஜா கைப்பையைத் துழாவி ஆஸ்பத்திரி அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் எல்லாமே அரபி எழுத்து. சேட்டன் ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. சேட்டன் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"சேச்சிமாரே, இவரெ அறியுமோ?"

நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தெரியுமா என்று எங்களைப் பார்த்துக் கேட்டால்? மாமிக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

"தெரியாம என்ன? சுஜா. கொவைத்துல நர்ஸாக்கும். ஞாயித்துக்கெழமை வந்தா. டாக்ஸியில ரெண்டு பெட்டி."

"மூணு," என்று திருத்தினார் விமலா சேச்சி. "பார்த்தாவு லேத் வேலை விட்டது இவள் பறஞ்ஞிட்டு." புருஷன் வேலையை விட்டதே இவள் சொல்லித்தானாம்.

நான் மட்டும் பின்தங்கலாமா? "ஊர்ல வீடு அஸ்திவாரத்தோட நிக்கு. கொத்தன் முன்பணத்த வாங்கிட்டு ஓடிட்டான்," என்றேன்.

"மாமியாரோட பேச்சுவார்த்தை கெடையாது," என்று முத்திரை வைத்தார் மாமி.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எந்தப் பாஸ்போர்ட்டிலும் இவ்வளவு விவரம் இருக்காது. பாஸ்கரன் சேட்டன் திருப்தியாகி, "எங்கில் சரி," என்று சின்னக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, இவ்வளவையும் அவளை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம் என்று. விமலா சேச்சி நிழலில் நின்றுகொண்டே குடையை விரித்தார்.

சுஜா எங்களைப் பார்த்துத் திரும்பினாள். நல்ல நாலு வார்த்தை வாங்கிக்கொள்ளத் தயாரானோம்.

"மாமியார் விஷயம் மட்டும் தப்பு, எக்கா," என்றாள். "பேச்சு உண்டு. மாசாமாசம் போன்ல சண்ட போடுகோம்லா, அதும் பேச்சுதானே?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியளே, ஒண்ணு கேக்கட்டா? இவளுக்கு என்ன பிடிக்கும்? வந்த நாளையிலேருந்து நான் வச்சுக் குடுக்க ஒண்ணையும் தின்ன மாட்டேங்கா. அவருகிட்ட கேக்க நாணக்கேடா இருக்கு."

விமலா சேச்சி விரித்த குடையை மடக்கினார். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். ஜெனிக்கு எலுமிச்சம் சோறு உயிர். சாக்லேட்டை என் மகளிடம் கொடுத்துவிட்டு அவள் டப்பாவிலிருந்து அள்ளிச் சாப்பிடுவாள். பச்சைப் பட்டாணியைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். ஆனை நடப்பதுபோல நடந்து காட்டுவாள், அதைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது. யாராவது தூக்கினால் பிடிக்காது.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வரமாட்டா," என்றார் மாமி. "டீச்சரேன்னு கூப்பிடு. எந்நேரமும் டீச்சர் வெளையாட்டாக்கும் அதுக்கு."

சுஜா வாசல் மண்ணில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "டீச்சரே, வீட்டுக்குப் போவமா?"

அழுகை நின்றது. ஜெனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எங்கள் கமிட்டியே தோற்றுப்போகும்.

"ஹோம்வொர்க் செய்தோ?"

"இல்ல, டீச்சர்."

"கை நீட்டு."

நீட்டினாள். பிள்ளை அந்த உள்ளங்கையில் ஓங்கி ஒரு அடி வைத்தது. பிறகு, தண்டனை பெற்ற மாணவியைத் தனியே விட முடியாது என்பதுபோல, அதே கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போயிற்று.

அதற்கப்புறம் விடுமுறை முடிகிற வரைக்கும் சுஜா எங்கள் மதிலில் உட்கார்ந்தாள். திருந்தினோம் என்று நினைத்துவிடாதீர்கள். அவளும் கெட்டாள் என்பதுதான் சரி. நர்ஸ் கண்ணல்லவா, எங்களுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. "அந்தா போற சேச்சி கர்வத்துல தலை நிமிந்து நடக்கல, கழுத்துச் சுளுக்கு," என்பாள். "எக்கா, ஒங்க பவுடர் தாடையோட நின்னு போச்சு, கழுத்து வேற ஊரு மாதிரி இருக்கு," என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னாள். ஒருநாள் ஜெனி உடுத்த விடாமல் படுத்தியதால் நைட்டியும் துவர்த்துமாகவே ஓடி வந்தாள். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு முழுக்க அதுதான் பேச்சு. நாங்களோ துணியைத் தொட்டுப் பார்த்து, நல்ல நெசவு, குவைத்துத் துணி குவைத்துத் துணிதான் என்றோம். சட்டம் எழுதியவர்களுக்குச் சட்டத்தை வளைக்கவும் தெரிய வேண்டும்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் மணி அடித்ததும் ஜெனி வெளியே வந்தாள். அம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பையைக் கழற்றி அவள் மடியில் எறிந்தாள், தண்ணீர் பாட்டிலை அதன் மேல் எறிந்தாள், என் மகளோடு ஐஸ் வண்டியைப் பார்க்க ஓடிவிட்டாள். பிள்ளைகள் அப்படி எறிவது சொந்தக்காரர்கள் மேல் மட்டும்தான். நாங்கள் மூவரும் தினமும் வாங்குகிற எறி அது, ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. சுஜா அந்தப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன கனமா இருக்கு," என்றாள். கொடு, நான் வைத்துக்கொள்கிறேன் என்று மாமி கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

மறுபடி ஜஸ்டின் வந்தார். சடைகள் மறுபடி இரண்டு உயரத்தில் ஆடின. மாமி ஜெனியை மதிலில் உட்காரவைத்து அவிழ்த்துப் பின்னிவிடுவார். இரக்கத்தில் அல்ல, பார்க்கச் சகிக்கவில்லை என்று அவரே சொல்வார். ஜஸ்டின் எங்கள் பக்கத்து நிழலுக்கு நகர்ந்து வந்து, கேட்காமலேயே குவைத்துச் செய்திகளைச் சொல்லத் தொடங்கினார். உண்மை தெரியத் தொடங்கியதும் பேச்சில் பழைய ருசி இல்லாமல் போயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அப்பாவும் மகளும் குவைத்துக்குப் போய்விட்டார்கள். பள்ளி திறந்த அன்று ஜெனி வராதபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாத்திரம் தேய்க்கிற பெண்ணும் வேலையை விட்டிருந்தாள். பெட்டி எத்தனை, கொத்தன் எங்கே ஓடினான், மாமியார் என்ன சொன்னார் என்பதெல்லாம் தெரிந்த எங்கள் மூவருக்கும் அவர்கள் ஊரில் வீட்டு விலாசம் என்ன என்று கேட்டு வைக்கத் தோன்றியதில்லை.

மாமி இப்போது இல்லை. விமலா சேச்சி பெங்களூரில் மகனோடு இருக்கிறார், பண்டிகைக்குப் போன் செய்வார். சென்ற மாதம் ஆட்டோவில் அந்தப் பள்ளியைக் கடந்து போனேன். மதிலை இடித்து ஆள் உயரத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள், வாதாமரம் இல்லை. விடுகிற நேரம்தான். வாசலில் வரிசையாகக் கார்கள், எல்லாவற்றிலும் கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே யார் எதை உடுத்திக்கொண்டு யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை.