பால் அம்மாசியின் பதம்

காட்டூரில் பால் அம்மாசியைத் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் இருந்திருந்தால் எங்கள் வயிற்றுக்கு நல்லது. ஜீயபுரத்திலிருந்து பால் கெட்டியாகத்தான் வந்து இறங்கும். அவர் வீட்டுக் குழாயடியைத் தாண்டியதும் நீலம் பாரித்துவிடும். "என்னங்க, இப்படித் தண்ணியா இருக்கு?" என்று கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "தண்ணி இல்லம்மா, பதம். கெட்டியாக் குடிச்சா புள்ளைங்களுக்குச் செரிக்காது" என்பார். நம் பிள்ளைகள் மேல் அவ்வளவு கரிசனம். அந்தக் கரிசனத்திலேயே மாடி வீடும் கட்டிவிட்டார்.

அவர் மனைவி ஆனந்தவள்ளி என் சிநேகிதி. அந்த வீட்டில் மனுஷி என்றால் அவள்தான். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஏற்கெனவே அவளுக்கு இதயம் பலவீனம். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். மயக்க டாக்டர் ஹம்ஸா, ஸ்ரீரங்கத்துக்காரர், பொறுமையாக விளக்கினார்.

"முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வைப்போம். அந்த மருந்தை முழு அளவு போட்டா பிரஷர் சட்டுனு இறங்கிடும், இவங்க ஹார்ட் தாங்காது. அதனால அதைக் குறைச்சு, வலியை அடக்குற இன்னொரு மருந்தைத் துளியூண்டு கலந்து போடுவேன். ரெண்டும் சேர்ந்தா அதுவே போதும்."

அம்மாசி துள்ளி எழுந்தார். "குறைச்சுக் கலந்தா? கலப்படம் பண்ணி என் பொண்டாட்டி முதுகுல ஏத்துவீங்களா? சுத்தமான மருந்து வேணும், முழு அளவு வேணும். இல்லாட்டி கையெழுத்துப் போட மாட்டேன். வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், கேட்ட அளவு போடுவாங்க."

கலப்படம் என்று சொல்ல அந்த வாய்க்குக் கொஞ்சமாவது கூசியிருக்க வேண்டாமா? டாக்டர் மறுபடி சொல்லிப் பார்த்தார். மனுஷன் அசையவில்லை. சிரிப்பு வந்த எனக்கு அடுத்த நிமிஷமே பயமும் வந்தது. எங்காவது இவர் பேச்சைக் கேட்டு முழு அளவு ஏற்றினால், அவள் திரும்பி வர மாட்டாள்.

படுக்கையிலிருந்து ஆனந்தவள்ளி கையை நீட்டினாள்.

"பேனாவை என்கிட்ட கொடுங்க டாக்டர். இது கலப்படம் இல்லைங்க, பதம். எனக்குப் பதமாவே போடுங்க."

அவளே கையெழுத்துப் போட்டாள். அம்மாசி மின்விசிறியைப் பார்த்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவளை வார்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மாசி அசட்டுக் குரலில் கேட்டார்: "வலிச்சுதா?"

"துளி வலி இல்லைங்க," என்றாள் ஆனந்தவள்ளி. "அவங்க கலந்தது மருந்து. தண்ணி இல்ல."