மாமன் கொண்டுவந்த ராஜா தலை

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வெள்ளிக்கடைக்கா பஞ்சம்? ஆனாலும் அருள்மொழி நிற்கிற கடைக்குத்தான் ஜனம் தேடிப் போகும். பொய் சொல்லி விற்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அங்கே கண்ணாடிப் பெட்டியில் ராஜா தலை போட்ட வெள்ளிக் காசுகள் வரிசையாக இருக்கும். பழைய ரூபாயைப் பார்த்து இப்போது அடித்தவை. சுத்த வெள்ளி என்பதற்கு அடையாளமாக ராஜாவின் கழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 999 என்று இருக்கும். "பழங்காசாம்மா?" என்று யாராவது ஆசையாகக் கேட்டால், முதலாளி பல்லைக் கடித்தாலும் சரி, "பழசு மாதிரி புதுசுங்க. எடைக்குத்தான் வெலை" என்று பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள்.

அவளுடைய அம்மாவிடம் அசல் ராஜா தலை ஒன்று இருந்தது. கல்யாணப் பெண்ணின் கையில் தாய்மாமன் அதை வைத்து மேடைக்கு அழைத்துப் போகவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அம்மா போய்ச்சேர்ந்த மறுமாதமே தம்பி எழிலன் யாரையும் கேட்காமல் அதை விற்றுத் தொலைத்தான். வந்த ஆத்திரத்தில், "அந்தக் காசு இல்லாம என் வாசப்படி மிதிக்காத" என்று கத்திவிட்டாள் அருள்மொழி. ரோஷக்காரப் பயல், பன்னிரண்டு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. பிச்சாவரத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு ஓட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தான்.

மகள் சுவேதாவுக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகையை ஆள் மூலம் அனுப்பியதிலிருந்து அருள்மொழிக்குச் சோறு இறங்கவில்லை. வருவானா, மாட்டானா?

சிதம்பரத்து மண்டபத்தில், "தாய்மாமன் எங்கம்மா?" என்று மூன்றாவது முறையாக ஐயர் கேட்டபோது, வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான் எழிலன்.

"அம்மா காசு, அக்கா. தேடிப் புடிச்சு மீட்டுட்டேன்."

கறுத்துப்போய், நூறு வயசுக் காசு மாதிரிதான் இருந்தது. கையில் வாங்கியதும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுச் சேற்று வாடை குப்பென்று அடித்தது. அடப் பாவி, பழசாகத் தெரியட்டும் என்று சேற்றில் புதைத்து வைத்திருக்கிறான்! சேறு ராஜாவைக் கறுப்பாக்கியிருந்தது. ஆனால் 999 அப்படியே இருந்தது.

"குடுங்க சம்பந்தி, பாப்போம். நெஜமாவே அந்தக் காலத்துக் காசா?" மாப்பிள்ளையின் அம்மா தில்லையம்மாள் கையை நீட்டினாள். எழிலனின் முகம் பேயறைந்தது போல ஆனது. காசு கைமாறினால் சபை நடுவே அவன் மானம் கப்பலேறும். அப்புறம் இந்த ஜென்மத்தில் திரும்பி வரமாட்டான்.

அருள்மொழி கட்டைவிரலால் அந்த 999-ஐ மறைத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே காட்டினாள்.

"எங்கம்மா காசுதாங்க. மொதல்ல பொண்ணு கைக்குத்தான் போவணும்."

எழிலனிடமே காசைக் கொடுத்துச் சுவேதாவின் உள்ளங்கையில் வைக்கச் சொல்லி, அவள் விரல்களைத் தானே மடக்கினாள். அக்காள் மகளை அவன் மேடைக்கு அழைத்துப் போனான்.

தாலி ஏறியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தான்.

"அக்கா, அது அம்மா காசு இல்ல. எங்கெங்கயோ தேடுனேன், கெடைக்கல."

"தெரியும்டா. தெனம் அதைத்தான விக்கிறேன்."

"அப்ப ஏன்க்கா பொய் சொன்ன?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"காசுக்காவாடா பன்னெண்டு வருஷம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்?"