சம்பந்தி எடுத்த மாதிரி

எங்கள் ராம்கட் இரும்பாலைக்கு நிலக்கரி எடுத்துவருவது ராம்சனேஹி சிங்கின் வேலை. சுரங்கத்தில் வேகன் நிரம்பியதும் சுரங்கத்து ஆளும் இவரும் சேர்ந்து மாதிரி எடுக்க வேண்டும். மேல்கரியை ஒதுக்கிவிட்டு ஆழத் தோண்டி எடுப்பதுதான் முறை. அதை வைத்துத்தான் தரமும் விலையும் முடிவாகும். பை பிடிக்க நானும் போவேன்.

ஹோலி முடிந்த கையோடு சுரங்கத்தின் சார்பில் மாதிரி எடுக்க மாற்றலாகி வந்தவர் விந்தேஷ்வர் சிங், ராம்சனேஹியின் மகளுக்கு மாமனார். எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். எதிர்த்துப் பேசுவானா? விந்தேஷ்வர் மேலாக நாலு கட்டியை எடுத்துப் பையில் போட்டார். இவர் கைகூப்பியபடி நின்றார்.

ஏலத்தில் முட்டிமோதி, விலையை ஏற்றி எடுத்த கரி. வந்ததில் பாதி கல். உலைக்குள் கசடு கட்டி அடைத்துக்கொண்டது. வேறு கரிக்கு எங்கே போவது? அடுத்த வேகன் எப்போது வரும் என்று சுரங்கத்துக்கே தெரியாது. உலையை அணைத்து, உள்ளே இறங்கிக் கொத்தினோம்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா ஆலையை மூட வேண்டியதுதான் சிங்ஜி. தோண்டித்தானே எடுத்தீங்க?" என்றார் முதலாளி.

"ஆமா மாலிக்" என்றார் இவர், தரையைப் பார்த்து.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "சம்பந்திக்கு மரியாதை, எங்க வயித்துக்கு ஈரத்துணியா?"

"என் பொண்ணு அங்க வாழணும்யா."

ஒருவழியாக அடுத்த வேகன் வந்தது. விந்தேஷ்வர் மேலே கைவைத்ததும், ராம்சனேஹி கேட்டார். "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் ஆழமாத் தோண்டலாமா?"

இடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ மண்வெட்டி கொண்டுவரச் சொல்லித் தோண்டினார். அடியில் வெறும் கல். அதையே அள்ளிப் பையில் போட்டார்.

"இதைப் போன தடவையே கேட்டிருக்கலாமே சம்பந்தி? மேலாப்ல எடுன்னு எங்க அதிகாரி சொன்னாரு. வாங்குறவரு தோண்டுன்னா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? நீங்க வாயே திறக்கல. சரி, உங்களுக்கும் இதுல பங்கு இருக்குன்னு நெனைச்சேன்."

ராம்சனேஹியின் முகம் செத்துவிட்டது.

"வீட்லயும் அப்படித்தான் சொன்னேன்" என்றார் விந்தேஷ்வர். "அன்னியிலேருந்து மருமக தலைநிமிந்து எங்க யாரு முகத்தையும் பார்த்துப் பேசுறதில்ல."